ஆறு உறைந்த ஊருக்கு ஒரு மீன்

பார்சல் கடை வேலையில் முதுகு வலிக்கும் என்றார்கள். காது வலிக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இது புரியும்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், சலித்துவிட்டது. இப்போது யாங்கோனில் காதர் நானா கடையில் பெட்டி கட்டுகிறேன். பாதிப் பெட்டிகள் கனடாவில் ஒரே ஊருக்குப் போகும். கோதுமை வயலுக்கு நடுவே ஓர் ஆறு, கரையில் கொஞ்சம் வீடு, ஓர் இறைச்சித் தொழிற்சாலை. நம் பிள்ளைகள் அங்கே மாடு வெட்டுகிறார்கள்.

ஙாப்பி

ஒருவர் மீன் விழுதான ஙாப்பியை மெல்லிசுப் பையில் கொண்டுவந்தார். விமானமே நாறும், டப்பாவில் போடுங்கள் என்றேன். அவர் அசையவில்லை.

"நாறினாத்தானே நம்ம வீட்டுப் பெட்டின்னு புள்ளைக்குத் தெரியும்."

லாரி

கடைக்கு வழக்கமாக வரும் டாவ் மல்லிகாவின் மகன் கோ ரவியும் அந்தக் கனடா ஊரில்தான் (இங்கே பெரியம்மாக்களுக்கு டாவ், அண்ணன்மாருக்கு கோ). அவனுக்கு ஜனவரியில் பிறந்தநாள். அன்றைக்கு உயிர்மீன் வாங்கி ஆற்றில் விடுவது இங்கே எல்லோர் வீட்டிலும் வழக்கம். வருஷம் முழுக்க மாடு வெட்டுகிற கை, ஒரு உயிரையாவது விடாவிட்டால் பாவம் தலையில் ஏறிவிடும் என்று அந்தம்மாவுக்குத் தூக்கமே இல்லை. ஆறு உறைந்துவிட்டது என்று மகன் சொன்னதைச் சாக்கு என்று நினைத்தார். அவன் என் போனுக்குப் படம் அனுப்பினான்: ஆற்றின் மேல் லாரி நிற்கிறது. காட்டினேன்.

"ஆத்து மேல லாரியா? பொய்க்கும் ஒரு அளவு வேணாமா, கண்ணு?"

ஓட்டை

பெரிய பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு இந்தப் பஞ்சாயத்து. எனக்குப் பொறுமை போய், "பனியில ஓட்டை போட்டு மீனை விடுங்க கோ ரவி" என்று போனில் குரல் பதிவு அனுப்பினேன். அங்கே பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் ஏற்கெனவே ஓட்டை போட்டு, நாற்காலி வைத்து, தூண்டிலோடு உட்கார்ந்திருந்தாராம். பிறந்தநாள் அன்று அவர் பிடித்த மீனை ரவி உயிரோடு கேட்டு வாங்கி, கும்பிட்டு, அதே ஓட்டையில் விட்டான். கிழவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. வீடியோ வந்தது. டாவ் மல்லிகா கடையிலேயே கைகூப்பி அழுதார். அப்பாடா என்று நான் பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார்.

"அந்தத் தாத்தா தூண்டிலோட அங்கேயே உக்காந்திருக்காரே, மறுபடி பிடிச்சா அந்தப் பாவம் யாருக்கு?"

கனடா வரை உடையாமல் எதையும் கட்டி அனுப்பிவிடுவேன், ஒரு அம்மாவை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பத்தான் இன்னும் பழகவில்லை.