களிம்பு பூசாத தோல்

அடிபட்ட கார்களுக்கு வண்ணம் அடிப்பவர் அவர். பட்டறையில் அவருக்குப் பெயர் ‘பாலிஷ்’. துடைத்து மினுக்காத வண்டியை வாடிக்கையாளர் கண்ணில் காட்டமாட்டார். அதைப் பெரிய குணம் என்று சொல்லிவிட முடியாது. பல நாள் அது மற்றவர்களுக்குத் தொந்தரவுதான்.

இடுப்பிலும் தொடையிலும் சிவந்த படைகள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெயிண்டில் கலக்கும் தின்னர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவுகட்டி, மருந்துக் கடைக் களிம்பைத் தடவுவார். மங்கும், பிறகு மறுபடி சிவக்கும்.

“தின்னர் கையிலதானே படுது? உடுப்புக்குள்ள மட்டும் எப்படிங்க வருது?” என்றாள் மனைவி. தோல் மருத்துவரிடம் போனார்கள்.

“துளி தோல் எடுத்துப் பார்க்கணும். இது தோல்ல வர்ற ஒருவகைப் புற்றுநோயா இருக்கலாம், வெறும் படையாவும் இருக்கலாம். அடுத்த மாசம் வாங்க. அதுவரை எதையும் தடவாதீங்க,” என்றார் டாக்டரம்மா.

அடுத்த மாதம் தோலை எடுத்தார்கள். முடிவு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

“ஏதாவது தடவினீங்களா?”

“கடைசி வாரம் மட்டும்... அவ்வளவு அசிங்கமா எப்படிங்க கொண்டுவந்து காட்டுறது?”

“கேட்டீங்களா டாக்டர்! வண்டி மாதிரி உடம்பையும் டெலிவரிக்கு ரெடி பண்ணியிருக்கார்!” என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “நாங்க தேடுற செல்லையே அந்தக் களிம்பு விரட்டிடும். கொஞ்ச வாரம் அப்படியே விடுங்க. மறுபடி எடுப்போம்.”

களிம்புக் குழாயை மனைவி தன் கைப்பையில் போட்டு வேலைக்கும் எடுத்துப்போனாள். அரிப்பைவிட, பெயர் தெரியாத அந்த நோய்தான் அவரைப் படுத்தியது. பட்டறையில் ஒரு வண்டி பாலிஷ் போடாமலே வெளியே போனது. யாரும் கேலி செய்யவில்லை.

இரண்டாம் முடிவு தெளிவாக வந்தது.

“லிம்ஃபோமாதான், நான் சொன்ன அந்தப் புற்றுநோய். ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுக்கள்ல ஒரு வகை, தோல்ல தங்கிப் பெருகுது. ஆனா தோலோட நிக்குது. ரத்தத்துல பரவல, நெறிகட்டலும் இல்ல. ஆரம்ப நிலைதான். இதோட முழு வயசும் வாழ்றவங்க நிறையப் பேர்.”

“போயிடுமாங்க?”

“அடங்கும். திரும்பவும் வரலாம். வந்தா திரும்பவும் அடக்குவோம்.”

போய்விடும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். இதை நம்பினார். மனைவி கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள்; கையில் வந்தது களிம்புக் குழாய். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

சிகிச்சை வெளிச்சம்தான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுற்றிலும் புற ஊதாக்கதிர் விளக்குகள் எரியும் கூண்டுக்குள் சற்று நேரம் நிற்க வேண்டும். வாரத்துக்குப் பல தடவை போய்வந்தார். “பெயிண்டைக் காய வைக்கிறாப்ல என்னையும் காய வைக்கிறாங்க,” என்று பட்டறையில் சொல்லிக்கொண்டார். மாதங்கள் போகப்போகப் படைகள் ஒவ்வொன்றாக மங்கின. அரிப்பும் நின்றது.

அன்று பரிசோதனை. தொடையில் ஒன்று மட்டும் லேசாகத் தெரிந்தது.

“இந்தத் தடவை ஒண்ணும் தடவலையே?”

“இல்லைங்க. குளிச்சதோட சரி.”

“ரெண்டு தடவை சோப்பு போட்டார்,” என்றாள் மனைவி.

“அது பரவாயில்ல,” என்றார் டாக்டரம்மா.