முதுகைக் காட்டப் போன கதை

போன மாதம் ஒரு காலை. நானும் என் வீட்டுக்காரரும் படுக்கையறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சண்டை இல்லை. தியானமும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை... அவ்வளவுதான்.

அவருக்கு முடியாததற்குக் காரணம் உண்டு. போன ஆண்டு பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. தினமும் காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்றுவது என் பொறுப்பு.

அன்று பாதி தூக்கியிருப்பேன். இடுப்புக்கு மேலே யாரோ சூடான கம்பியைச் செருகியது போல ஒரு வலி. பிடியை விட்டால் அவர் விழுவார். விடாவிட்டால் நானும் சேர்ந்து விழுவேன். யோசிக்க ஏது நேரம்? ஒருவரையொருவர் பிடித்தபடியே மெதுவாகச் சரிந்து தரைக்கு வந்து சேர்ந்தோம். நல்லவேளை, அடி படவில்லை.

கைப்பேசி சமையலறையில் இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"காக்! காக் ரோஹானி!"

பக்கத்து வீட்டு ரோஹானி எனக்கு மூத்தவர். மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல நானும் அவரை 'காக்' என்றுதான் கூப்பிடுவேன். பின்கதவு வழியாகக் கணவரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு, "பெலான்-பெலான் லா... பெலான்-பெலான்" என்று சொல்லிச் சொல்லி இருவரும் எங்களை மெதுவாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு எதுவும் இல்லையாம். மாத்திரையை நீட்டிவிட்டு டாக்டர் சொன்னார்: "நல்லா ரெஸ்ட் எடுங்க. வெயிட் தூக்காதீங்க."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் வெயிட் காலையில் ஏழு மணிக்கெல்லாம் கண் விழித்துவிடும் என்று அவரிடம் யார் சொல்வது?

முதுகுவலி என்பது நம் வீடுகளில் ஒரு செய்தியே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதுகுவலி என்றால் உடனே ஒரு தைலத்தின் பெயரைச் சொல்வார்கள். எனக்கு வந்து சேர்ந்த தைலங்களை வைத்து ஒரு சிறிய கடையே போட்டிருக்கலாம்.

அடுத்த சில நாட்கள் காக் ரோஹானியின் கணவர்தான் காலையிலும் மாலையிலும் வந்து இவரைத் தூக்கி உட்கார வைத்தார். முகம் சுளிக்காத மனிதர். ஆனால் அவரும் வேலைக்குப் போகிறவர். எத்தனை நாளைக்கு?

அப்போதுதான் மகன் தினேஷ் போன் செய்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நான் மல்லாந்து படுத்திருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"ம்மா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அப்பாவை ஒரு ரெண்டு மாசம் ஹோம்ல விட்டுப் பாப்பமா? ஜெஞ்சாரோம் பக்கம் நல்ல இடம் ஒண்ணு இருக்காம். என் பிரண்டோட அங்கிள் அங்கதான் இருக்காரு. நர்ஸ் எல்லாம் இருக்காங்க."

"அப்பாவையா?"

"வேற என்ன செய்யறது? உங்களுக்கும் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

கெட்ட பிள்ளை இல்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் வருகிறவன்தான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன்.

வெளியே ஹாலில் இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. டிவியின் சத்தம் மட்டும் குறைந்தது.

"யோசிச்சு சொல்றேன்பா" என்றேன்.

அன்றிரவு தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பசி... இல்ல" என்றார். பசியில்லாமல் சாப்பாட்டை ஒதுக்கி நான் பார்த்திராத மனிதர்.

என் தோழி மங்கை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறாள். மறுநாள் பார்க்க வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் வசந்தி, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. கைரோபிராக்டர். முதுகெலும்பைக் கையாலயே சரி பண்றவ. என் கழுத்தை சரி பண்ணது அவதான். இங்க பாரு..." ஆந்தையைப் போல இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"ஐயோ, வேணாண்டி. வீடியோவுல பாத்திருக்கேன். எலும்பை உடைக்கிறாங்க!"

"உடைச்சிருந்தா நான் எப்படிடி உன்கிட்ட நின்னு பேசிட்டிருக்கேன்? கெளம்பு லா."

கிளம்பினேன். பயம் போய்விட்டதால் அல்ல. ஹாலில் டிவி சத்தம் மறுபடி கூடவே இல்லை, அதனால்.

இவரை மங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். தலையில் முக்காடு போட்ட ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதை எப்படி விளக்குவது? திமிர் பிடித்த ஆன்டி என்று நினைத்திருப்பாள். பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை நின்றுகொண்டே போனேன்.

கிளினிக் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, முதல் மாடியில். முதுகுவலிக்காரர்கள் வரும் இடத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! ஒவ்வொரு படியிலும் அவரை நினைத்துக்கொண்டே ஏறினேன்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஓட்டப்பந்தயக் காலணி போட்ட ஒரு சின்னப் பெண். பெயர் ஷாலினி. ஊர் சுங்கை பூலோவாம். இவளா என் எலும்பைத் திருப்பப் போகிறாள்?

திருப்பவில்லை. கேள்விதான் கேட்டாள். கை கால் மரத்துப் போகிறதா, இருமினால் வலிக்கிறதா, எப்படிப் படுப்பீர்கள்... எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன வேலை ஆன்டி செய்றீங்க?"

"எழுத்து வேலை. உக்காந்து எழுதறது."

"வீட்ல?"

"சமைக்கறது, கூட்டறது... எல்லாரும் செய்றதுதாம்மா."

"வெயிட் எதுவும் தூக்குவீங்களா?"

"இல்லையே."

யோசிக்காமல் வந்த பதில். பொய் சொல்லவில்லை. கட்டிய கணவரை வெயிட் என்று கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

குப்புறப் படுக்கச் சொல்லி முதுகை ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தாள். ஓர் இடத்தில் நான் துள்ளினேன். அவள் கை அங்கேயே நின்றது.

"ஆன்டி, இது கூட்டிப் பெருக்கி வந்த வலி மாதிரி தெரியலையே. தினம் ஒரே பக்கமா எதையோ இழுக்கறீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீட்ல யாராச்சும் முடியாம இருக்காங்களா?" என்றாள்.

முகம் அந்தச் சிகிச்சைக் கட்டிலின் ஓட்டைக்குள் இருந்தது. தரை மட்டும்தான் தெரிந்தது. அழுகை ஒன்றும் வரவில்லை.

சொன்னேன். பக்கவாதம், கட்டில், நாற்காலி, ஜெஞ்சாரோம் எல்லாவற்றையும்.

அவள் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான்தான் அங்கிள். என்னைத் தூக்குங்க... ஐயோ, நெஜமாத் தூக்காதீங்க! சும்மா நின்னு காட்டுங்க, போதும்."

நின்று காட்டினேன். கைகளை அவள் அக்குளுக்குள் விட்டு, குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பி... என்னவோ பெரிதாகத் தப்பு என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

பிறகுதான் அந்தக் கட்டம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு காலை மடக்கி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "மூச்சை உள்ள இழுங்க... விடுங்க..."

சடசடவென்று ஒரு சத்தம்.

"முருகா!" என்று நான் கத்தியது கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எலும்பு இல்ல ஆன்டி, பயப்படாதீங்க. ஜாயிண்டுக்குள்ள இருக்கற கேஸ்தான். சோடா பாட்டில் திறக்கற மாதிரி."

எனக்குள் சோடா இருக்கும் விஷயம் இத்தனை வயதுக்குப் பிறகு அன்றுதான் தெரிந்தது.

வலி பறந்து போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. எழுந்து நின்றபோது நிமிர முடிந்தது, அவ்வளவுதான். மறுநாள் யாரோ அடித்துப் போட்டது போல உடம்பெல்லாம் நொந்தது. அதற்கு அடுத்த நாள் குனிந்து முகம் கழுவினேன். சாதாரண விஷயம். ஆனால் கண்ணாடியில் பார்த்து ஒரு முறை சிரித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஷாலினி சொன்னதுதான் முக்கியம். "நான் எத்தனை வாட்டி சரி பண்ணாலும், நீங்க இப்படியே தூக்குனா திரும்ப வந்துரும். அடுத்த வாட்டி அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

"இந்த மாடிக்கா?"

"வேணாம். நான் கீழ வரேன்."

வந்தாள். மங்கையின் கடை வேனில் இவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். சாப்பாட்டுக் கடையின் ஓர் ஓரத்தை எங்களுக்காக ஒதுக்கித் தந்தார்கள். ஷாலினி சக்கர நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்க கழுத்து, முதுகுல நான் கை வைக்க மாட்டேன். அது ஆஸ்பித்திரி வேலை. இந்த இடது காலை மட்டும் பாக்கறேன். என் கையைத் தள்ளுங்க."

தள்ளினார். அவள் பின்னால் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆன்டி! அங்கிளுக்கு இந்தக் கால்ல இவ்ளோ ஸ்ட்ரென்த் இருக்கே! எழும்போது இதை ஊனறாரா இல்லையா?"

நான் இவரைப் பார்த்தேன். "ஏங்க, உங்களால காலை ஊன முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினார்.

"அப்புறம் ஏன் இத்தனை நாளா ஊனல?"

சொற்களைச் சேர்க்க அவருக்கு நேரமானது. நாங்கள் காத்திருந்தோம்.

"நீதான்... தெனம்... ஆடாம இருங்க... ஆடாம இருங்கன்னு..."

உண்மைதான். அவரைத் தூக்கும்போதெல்லாம், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத மனிதர் இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார்!

முதலில் சிரித்தவர் மேசை துடைத்துக்கொண்டிருந்த அக்கா. பிறகு மங்கை. பிறகு நான். கடைசியில் இவரும் ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

அப்புறம் பாடம் நடந்தது. நாற்காலி அவருடைய நல்ல கால் பக்கம் இருக்க வேண்டும். பிரேக் போட வேண்டும். அவர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி நான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அக்குளை அல்ல. அவர் முன்னால் சாய்ந்து, எண்ணி, காலை ஊன்றி எழ வேண்டும்.

முதல் முறை கொஞ்சம் எழுந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "பரவால்ல அங்கிள். மூச்சு வாங்கிக்குங்க."

மறுமுறை எழுந்தார். இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, நின்றார்.

அவர் என்னைவிட உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு வருடமாக அவர் முகத்தைக் குனிந்துதான் பார்த்திருக்கிறேன். அன்று அண்ணாந்து பார்த்தேன். மங்கை ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை.

ஷாலினி கறாராகச் சொல்லிவிட்டாள், மறுபடி ஆஸ்பத்திரி பிசியோதெரபிக்குப் போகவேண்டும் என்று. காரில் ஏற்றி இறக்குவது பெரும்பாடாக இருந்ததால் சில மாதங்களிலேயே நிறுத்தியிருந்தோம். இப்போது போகிறோம்.

அடுத்த சனிக்கிழமை தினேஷ் வந்தான். கையில் அந்த இல்லத்தின் விளக்கப் புத்தகம். இவர் அதைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். பெல்ட்டைக் கட்டச் சொன்னார். மகன் பார்த்துக்கொண்டிருக்க, சாய்ந்து, ஊன்றி, எழுந்து நின்றார்.

"ஹோம்... வேணாம்பா" என்றார். "காலு... இருக்கு."

"சரிப்பா" என்றான் தினேஷ். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கும் அந்த பெல்ட் எப்படிக் கட்டறதுன்னு காட்டுங்கம்மா" என்று கேட்டான்.

கைரோபிராக்டரிடம் போகலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், படம் எடுத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் மழை நாட்களில் வலிக்கத்தான் செய்கிறது. இதை எழுதும்போதே நாலைந்து தடவை எழுந்து நடந்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான் — பாரம் சுமக்கிறவர்கள் பாரத்திடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிக்குப் பாதி அதுவே நடந்து வந்திருக்கும்.

இப்போது இவருக்குப் புதிதாக ஒரு யோசனை. அடுத்த முறை பிசியோதெரபிக்குத் தனியாகவே கிராப் வாடகைக் காரில் போய் வருவாராம். நான் வரவேண்டியதில்லையாம். போகட்டும்... நான் ஒன்றும் தடுக்கப் போவதில்லை.

பின்னாலேயே இன்னொரு கிராப் பிடித்துப் போய்க்கொள்கிறேன்.