ஹரிணி கேட்ட தண்ணீர்

மெல்பேர்னில் எனக்குச் சம்பளம் கிடைப்பது, தரையில் சம்மணமிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதற்கு. இலங்கை மலையகத்தில், என் ஊர் டிக்கோயாவில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கான நிலையத்தில் நான் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளர் கரேன் ஒரு பிள்ளையைக் காட்டி, "ஃபொலோ ஹேர்" என்றாள். நான் அந்தப் பிள்ளையின் பின்னாலேயே அறை முழுக்க நடந்தேன். அவள் மேசைக்கடியில் புகுந்தபோது நானும் குனிந்து புகுந்தேன். கரேன் சிரித்து முடித்த பிறகுதான் விளங்கப்படுத்தினாள். பின்தொடர வேண்டியது கால்களை அல்ல, ஆசையை. பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில் நாமும் சேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு, அவள் நம்மைத் தேடுவதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். ஆராய்ந்து பார்த்துப் பலன் கண்ட முறை இது. சின்ன வயதிலேயே தொடங்கி, பெற்றவர்கள் வீட்டிலும் செய்தால் இன்னும் நல்லது என்றாள்.

வீடு என்றதும் எனக்கு தேயிலைத் தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிநிற்கும் எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது. என் தங்கை சுமதி இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். அவள் மகள் ஹரிணிக்கு அப்போது மூன்று வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்; ஒரு சொல்லும் பேசவில்லை. லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் விட்டால் மட்டும் முகம் மலரும். "அவ அப்பனும் லேட்டாதான் பேசுனான்" என்று சுமதியின் மாமியார் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி, பேச்சுப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். அதற்குள், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், ஹரிணி ஓயாமல் கத்துகிறாள், இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீடியோ அழைப்பில் சுமதி அழுதாள். "வேலைய விட்டுட்டுப் புள்ளயப் பாக்கவா, புள்ளய விட்டுட்டு வேலைக்கிப் போகவா? அங்க வெளயாட்டுச் சாமானெல்லாம் இருக்கும். இங்க என்னாக்கா இருக்கு?"

"பீலி இருக்குல்ல" என்றேன்.

மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, சுமதி வேலைக்குப் போய்வந்தாள். மலையிலிருந்து இறங்கியதும் நனைந்த சேலையோடு பீலியடியில் உட்காருவாள். ஹரிணி தண்ணீரை அடித்தால் இவளும் அடிப்பாள். ஊற்றினால் இவளும் ஊற்றுவாள். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். அவளுக்குக் கஷ்டமாக இருந்தது காத்திருப்பதுதான். "கேக்காமலே குடுத்துப் பழகிருச்சுக்கா. கை தானாப் போவுது" என்பாள். அப்படிப் பல வாரம் போனது. ஒரு சாயங்காலம், தண்ணீர் நிரம்பிய வாளியைப் பிடித்துக்கொண்டு அவள் ஊற்றாமல் இருந்தாள். ஹரிணி வெறுங்கோப்பையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். கோப்பையை நீட்டி, "தா" என்றாள். சுமதி கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கேட்டதை உடனே கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஊற்றினாள். ஊற்றிவிட்டுத்தான் அழுதாள்.

மறுநாள் அவளாகவே பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். "எம்புள்ள குறும்புக்குக் கத்தலங்க. கேக்கத் தெரியாமக் கத்துறா. எப்புடிக் கேக்க வைக்கிறதுன்னு நான் காட்டுறேன், பாருங்க" என்றிருக்கிறாள். முதலில் பாதி நாள், பிறகு முழுநாளும் ஹரிணியைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சொற்கள் இன்னும் கொஞ்சம்தான். பஸ் ஹோர்ன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இன்னொரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுமதியிடம் வருகிறாள். நான் படித்துச் செய்வதை என் தங்கை பீலியடியில் செய்து காட்டுகிறாள். அவள் எடுத்து அனுப்பிய வீடியோவை நிலையத்தில் எல்லோரிடமும் காட்டினேன். "உன் தங்கையின் கார்டனில் எவ்வளவு அழகான வாட்டர் ஃபீச்சர்!" என்றாள் கரேன், பீலியை வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு வைத்த நீரூற்று என்று நினைத்து. தோட்டம் பெரியதுதான் என்று சொல்லிவைத்தேன்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஹரிணி என்னைக் கண்டதும் உள்ளே ஓடி, சுமதியின் போனை எடுத்துவந்து என் கையில் திணித்தாள். "பெரிம்மா" என்று இருண்ட திரையைத் தட்டினாள்.

"இந்தா, நேர்லயே வந்திருக்காங்கடி" என்றாள் சுமதி. ஹரிணி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மறுபடி திரையைத் தட்டினாள்.

போனை அவளிடமே கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடி என் போனிலிருந்து அழைத்தேன். திரையில் என் முகம் வந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.