பின்சக்கரத்தில் அரை அங்குலம்

காரை விற்றுவிடுவது என்று என் கணவர் முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆளையும் வரச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் தெருவில் கார் ஓட்டிய ஒரே பெண் நான். அந்தப் பெருமையை யாருக்கோ தூக்கிக் கொடுப்பதா?

துருப்பிடித்த பின்சக்கரங்கள் இரண்டையும் மாற்றியதிலிருந்து வண்டி கிரீச் கிரீச்சென்று கத்தியது. செகந்திராபாத் போய்த் திரும்பினால் பிரேக் டிரம்மில் தெளித்த தண்ணீர் சூட்டில் சுர்ரென்றது.

"பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இதுல போக எனக்குப் பயமா இருக்கு" என்றார் கணவர். பயம் நியாயமானது. அதுதான் இன்னும் எரிச்சல்.

எங்கள் தெருவில் எது கெட்டாலும் கமிட்டி கூடும். எல்லோரும் ஒரே தொழிற்சாலையின் என்ஜினியர்கள், என்னையும் சேர்த்து. அந்த ஞாயிறு காலையும் டீ டம்ளர்களோடு கூடினோம். டிரம் கோணிவிட்டது என்றார் ஒருவர். பிரேக் ஆயில் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சாக்பீஸால் தரையில் கிராஃபே போட்டுவிட்டார்! பொறுமை போய், மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் பிரேக்கை நன்றாகத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தார். அப்போதும் அதே சத்தம், அதே சூடு.

"பிரேக்மே கராபி நை, மேடம்" என்றார். பிரேக்கில் கோளாறு இல்லையாம்.

எனக்குப் பொறி தட்டியது. பிரேக் பிடிக்காமலே உரசுகிறதென்றால், வேறு எதுவோ உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது! ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன், கரகரவென்றது. போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துவிட்டு, வெறும் டிரம்மைச் சுற்றினேன். சத்தமே இல்லை. கழற்றிய போல்ட்டைத் திருப்பிப் பார்த்தால், நுனி தேய்ந்து வெள்ளியாய் மின்னியது. "கிடைச்சிடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அடுத்த நொடியே என் முகம் சிவந்துவிட்டது. அந்தப் போல்ட்டுகளுக்குப் படம் வரைந்ததே நான்தான். சக்கரம் மாற்றியபோது பழையவற்றின் மரை தேய்ந்திருந்ததால், புதிதாக வரைந்து பாலாநகர் லேத் பட்டறையில் கொடுத்தேன். எதைச் செய்தாலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுவது எங்கள் ரத்தத்திலேயே ஊறிய பழக்கம். நான் கால் அங்குலம் கூட்டினேன். படத்தைப் பார்த்த கமிட்டி, "இன்னும் கால் அங்குலம் இருக்கட்டுமே" என்றது. அந்த அரை அங்குலம்தான் பிரேக்குக்குள் புகுந்து சுரண்டிக்கொண்டிருந்தது.

மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கமிட்டி டீயை மும்முரமாகக் குடித்தது. மெக்கானிக் இரும்பறுக்கும் ஹாக்ஸாவை எடுத்து எட்டு போல்ட்டுகளின் நுனியிலும் அரை அங்குலம் அறுத்துக் கொடுத்தார்.

பூட்டி முடித்ததும் சைனிக்புரிவரை தனியாக ஓட்டினேன். ஒரு முனகல் இல்லை. சந்தோஷத்தில் சத்தம் போட்டுப் பாடினேன்.

திரும்பி வந்தபோது, வாங்க வந்தவர் வாசலில் நின்றிருந்தார். குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கறீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க பிள்ளைங்களா, அம்மா ஓட்டட்டும்" என்றார்.