கடலுக்குள் கை கட்டு

கலாதேவி அக்கா முதலில் நம் தலையை மோந்து பார்ப்பார். பெயர் என்ன, எந்த ஊர் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஈப்போவில் நீச்சல்குளத்து ஓரத்தில் நாங்கள் நாலு பேர் வரிசையாக நிற்க, ஒவ்வோர் உச்சந்தலையிலும் மூக்கை வைத்து இழுத்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏன் தங்கச்சி, செவ்வாக்கெழமன்னு எண்ணெ வெச்சிட்டு வந்துட்டியா? போ லா, ரெண்டு வாட்டி ஷாம்பு போட்டுட்டு வா."

"கொஞ்சந்தான் அக்கா" என்றேன். "கொஞ்சம்னு மீனுக்குத் தெரியுமா?" என்று கேட்டு என்னைக் குளியலறைப் பக்கம் தள்ளிவிட்டார். கட்டுரை எழுத வந்தவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை இதுதான்.

அவர் பார்க்கும் வேலை, ஆழ்கடலில் முக்குளிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது. வார நாள்களில் குளத்தில் பாடம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தன் பழைய வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிரிக் மலைப்பாதை வழியாகக் கிழக்குக் கரைக்குப் போய், அங்கிருந்து படகில் ஒரு தீவு. அரசாங்கம் பாதுகாக்கிற தீவு. "பேரு போட்டுறாத, அப்புறம் எல்லாரும் கெளம்பி வந்துருவாங்க" என்று கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தத் தீவில் களிம்பு, எண்ணெய் எதுவும் பூசிக்கொண்டு கடலில் இறங்கக்கூடாது என்று விதி வந்த நாளிலிருந்துதான் இந்த மோப்ப வேலை.

வயது நாற்பத்தொன்பது. குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றின் காலடியில் வரிசை வீடு. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கடல் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தார். கையுறைக்குள் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாங்க. நான் கிலாங்ல, அதான் ஃபேக்டரியில, குளோவ் ஊதுனேன். இப்ப ரப்பர் சட்டயப் போட்டுக்கிட்டு கடல்ல குதிக்கிறேன். எங்க குடும்பத்த ரப்பர் விடாது லா!" தொழிற்சாலைக்காரர்கள் ஒருமுறை தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்களாம். தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாராம். "அன்னிக்கி உள்ள போன தலதான்" என்கிறார்.

பழைய வேலையின் பழக்கம் இன்னும் போகவில்லை. காற்று உருளையின் கழுத்தில் காதை வைத்து, கண்ணை மூடி, கசிவு கேட்கிறதா என்று பார்க்கிறார். வெள்ளரிக்காய் வாங்கினாலும் காதருகே கொண்டுபோகிறார் என்று அவர் வீட்டுக்காரர் அர்ச்சுனன் சொன்னார். பொய்யாக இருக்காது.

அரசாங்கம் அனுப்பிய சுற்றறிக்கைகளை எல்லாம் ஒரு கோப்பில் தேதிவாரியாக வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் செல்லப்பெயர் உண்டு. மீனுக்கு ரொட்டி போடாதே என்றது ரொட்டிச் சட்டம். கையுறை போட்டால் தைரியமாய் எதையும் பிடிப்பார்கள், ஆகவே வெறுங்கையோடு இறங்கு என்றது குளோவ் சட்டம். அதைப் படித்த அன்று அர்ச்சுனன் விழுந்து விழுந்து சிரித்தாராம். பத்துப் பேரை வேனில் அடைத்துக்கொண்டு போனவருக்கு, ஒரு வழிகாட்டிக்கு நாலு பேர்தான் என்று வந்தது நாலுபேர்ச் சட்டம்.

"கஷ்டமா இல்லையா அக்கா?"

"மொதல்ல வயிறு எரிஞ்சிச்சு. இப்பப் பாரு, நாலு பேருன்னா நாலு பேரு மூஞ்சியும் நல்லா ஞாபகம் இருக்கு. மின்ன ஆறாவது ஆளு எங்கன்னு தேடியே சோர்ந்து போவேன் லா." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "நானுந்தான் ஒடச்சிருக்கேன். படம் புடிக்கறதுக்கு ஒரு கொம்புப் பவளத்தப் புடிச்சிக்கிட்டே நிப்பேன். அடுத்த வருசம் போய்ப் பாத்தா மொட்டையா நிக்கிது. ரொம்ப வெக்கமாப் போச்சு."

கடைசியாக வந்ததுதான் கைச் சட்டம். பவளத்தை யாரும் தொடக்கூடாது. கரையேறியதும் அதிகாரி வந்து கேட்பார். தொட்டது யார் கையாக இருந்தாலும் போவது வழிகாட்டியின் அனுமதி அட்டை. மூன்று மாதம் கடலில் இறங்க முடியாது. அடுத்த மூன்று மாதமோ பள்ளி விடுமுறையும் சேர்ந்து ஒரு வாரம்கூட விடாமல் முன்பதிவில் நிரம்பிக் கிடந்தது. "அட்ட போச்சுன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி லா" என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

தமிழன் வாயால் பாதி பேசினால் கையால் மீதி பேசுகிறவன். அவனைக் கையை ஆட்டாமல் கடலுக்குள் மிதக்க வைப்பது எப்படி? அக்கா இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. குளத்து ஓரத்தில் நின்று அடித்தொண்டையில், "கை கட்டு!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். சுங்கை சிப்புட்டில் லாரி பழுதுபார்க்கும் ரூபன், தாப்பாவில் தாதியாக இருக்கும் அவர் மனைவி ஷாமினி, நான், மூன்று பேருடைய கைகளும் தானாக மார்பில் போய் ஒட்டிக்கொண்டன. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் உட்கார்ந்த உடம்பு சும்மா இருக்குமா! அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். அந்தரத்தில், சமர்த்துப் பிள்ளைகளாய், கை கட்டி மிதந்தோம். தண்ணீரென்றாலே நடுங்குகிற நான்கூட.

நாலாவது ஆள் விஸ்வலிங்கம் ஐயா. வயது அறுபத்தாறு, அரசாங்க இலாகாவில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வழி வந்தவர். விதிகளை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் படித்திருந்தார். "பிள்ளை, ஏழாம் பிரிவை நல்லா வாசிச்சனீரோ? அதில 'தொடுதல்' எண்டா என்னெண்டு விளக்கமா எழுதியிருக்கு" என்று அக்காவுக்கே பாடம் எடுப்பார். ஆனால் "கை கட்டு" என்றால் அவர் கை கட்டவே இல்லை.

"நான் மிஷன் ஸ்கூலில படிச்சனான். அங்க ஒருத்தரும் கை கட்டச் சொல்லேல்லை."

"அதானே பாத்தேன்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவருக்காக மட்டும் ஒரு வாரம் கூடுதலாகப் பாடம் நடத்தினார். விஸ்வலிங்கம் ஐயாவும் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதெல்லாம் கை கட்டிப் பழகினாராம். ஐயாவுக்கு ஏதாவது மனக்கஷ்டமோ என்று அவர் மனைவி புனிதவதி அம்மா அக்காவிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்.

கடைசியில் தீவுக்குப் போனோம். பன்னிரண்டு மீட்டர் ஆழம். அங்கே நான் கண்டதை எல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. பயம் எந்த நிமிஷத்தில் போனது என்றே தெரியவில்லை. கை கட்டிக்கொண்டு, மூச்சுக் குமிழிகளைக் கேட்டுக்கொண்டு, இத்தனை வயதுக்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷத்தோடு மிதந்தேன்.

அப்போதுதான் ஆமை வந்தது. சாப்பாட்டு மேசை அளவு. எங்களைச் சட்டை செய்யாமல் பக்கத்தில் போனது. விஸ்வலிங்கம் ஐயாவால் தாங்க முடியவில்லை. ஒரு வாரப் பயிற்சி அந்த நொடியில் பறந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து ஆமையை எங்களுக்குக் காட்டப் போய், உடம்பு நிமிர்ந்து, கால் கீழே தொங்க, கால்துடுப்பு நேராகத் தட்டுப்போல் விரிந்திருந்த ஒரு பவளத்தை நோக்கி இறங்கியது.

அக்கா எங்கிருந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. துடுப்புக்கும் பவளத்துக்கும் நடுவில் அவர் கை இருந்தது. வெறுங்கை. ஐயா இரண்டு உதை உதைத்தார். இரண்டும் அந்தக் கையின்மேல் விழுந்து, உள்ளங்கையைப் பவளத்தோடு வைத்துத் தேய்த்தன. அக்கா மற்றக் கையால் அவரை மேலே தூக்கிவிட்டு, நலமா என்று சைகையில் கேட்டார். ஐயா ஆமையையே பார்த்துக்கொண்டு, நலம் என்று காட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது. அக்காவின் கையிலிருந்து பச்சையாக ஏதோ புகைந்தது. ஆழத்தில் இரத்தம் பச்சையாகத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கையை அவர் பார்க்கக்கூட இல்லை. பவளத்தை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி, கையுறையில் ஓட்டை தேடுகிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

படகில் ஏறியதும் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டார். மருந்து போடட்டுமா என்று கேட்ட ஷாமினியிடம், "அப்பறம் லா, மொதல்ல ஆமயப் பத்திப் பேசு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அதற்குள் அதிகாரியின் படகு பக்கத்தில் வந்து நின்றது. ரூபன் அக்காவின் காதோரம் குனிந்தார்.

"அக்கா, சொல்லிறாதீங்க. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்ல."

எனக்கு அவர் அட்டை ஞாபகம் வந்தது. மூன்று மாதம். ஒரு வாரம்கூட விடாமல் நிரம்பிய மூன்று மாதம். பவளத்தைக் காப்பாற்றத்தானே கையை வைத்தார், அதைச் சொல்லலாமே என்று நினைத்தேன். ஏழாம் பிரிவில் அதற்கு இடமில்லை என்பதை விஸ்வலிங்கம் ஐயாவே எங்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தார்.

இளம் அதிகாரி குறிப்பெழுதும் பலகையோடு எழுந்து நின்று, பவளத்தை யாராவது தொட்டீர்களா என்று மலாயில் கேட்டார். எங்கள் சார்பில் விஸ்வலிங்கம் ஐயாதான் முந்திக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தின் மிடுக்கோடு, "தீடா அடா, என்சே!" என்றார், ஒருவரும் இல்லை ஐயா என்று.

கலாதேவி அக்கா அவர் தோளை மெல்லத் தட்டி உட்கார வைத்தார். துண்டை அவிழ்த்து மடியில் போட்டார். பிறகு கையை உயர்த்தி, சிராய்ந்த உள்ளங்கையை அதிகாரி பக்கமாக விரித்துக் காட்டினார்.