தள்ளி வைத்த தேடல்

இங்கிலீஷ்காரனுக்கு ஒற்றை வார்த்தை போதவே போதாது. ஒரு சொல்லைப் பிடிப்பான், அதன் வாலில் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று பொடிசாக ஏதாவது கட்டிவிடுவான்; அர்த்தம் எங்கேயோ போய்விடும். ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளி வை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துப் போ. எங்கே போய் முட்டிக்கொள்வது! இந்தக் கூத்தையெல்லாம் ஸ்பானிஷில் ஒரே வார்த்தையாக்கித் தருவதுதான் பசியாவரத்துச் சத்யாவின் வேலை. ஏரி நடுவே தீவு ஊர், காற்று பலமாக அடித்தால் செல்போனில் சிக்னல் இருக்காது, அங்கே உட்கார்ந்து ஸ்பானிஷ்! சென்னையில் கால் சென்டரில் இருந்தபோது கற்ற மொழி. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, மொழி சொல்லித்தரும் ஆப் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்தாள்.

அவள் கணவன் ஹரிஹரனுக்கு இது பெரிய வேடிக்கை. வலையில் சிக்கெடுத்துக்கொண்டே, “இன்னிக்கு எதோட வால வெட்டின?” என்பான்.

“கிவ் அப்.”

“அப்டின்னா இன்னா?”

“கை விட்டுடறது.”

அதற்கான ஸ்பானிஷ் வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவனும் சொல்லிப் பார்ப்பான். காது கொடுத்துக் கேட்க முடியாது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படிக் கற்ற நாலு வார்த்தையை நம்பித்தான், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறைந்த வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்குப் போனான், பாவி. நான் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டானே என்று சத்யா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

கப்பல் புயலில் கவிழ்ந்தது. சிலரை மீட்டார்கள். ஹரிஹரனையும், அவனோடு ஒரே அறையில் இருந்த பெரு நாட்டுக்காரனையும் காணவில்லை. அந்தப் பெருக்காரனின் அம்மா மார்லேனிக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். கம்பெனி அதிகாரிக்கு இங்கிலீஷ் மட்டுமே தெரியும். குடும்பத்தாரைப் போனில் கூப்பிட்டு அவர் பேசும்போதெல்லாம் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தது சத்யாதான். தன் வீட்டு இடியையும் சேர்த்துத்தான் பெயர்த்தாள்.

ஒரு நாள் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “வீ ஆர் காலிங் ஆஃப் த செர்ச்.” தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“அவர் என்ன சொல்றார், ஈஹா?” என்றாள் மார்லேனி. ஈஹா என்றால் மகளே.

‘கால் ஆஃப்’ என்பதற்கு ஸ்பானிஷில் என்னவென்று சத்யாவுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அவள் சொன்னது ‘புட் ஆஃப்’ என்பதற்கு உண்டான வார்த்தையை. தேடுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், கடல் அடங்கியதும் மறுபடி போவார்கள். தெரிந்தேதான் சொன்னாள். அதைத் தாண்டி அவளுக்கு நாக்கு எழவில்லை.

போனை வைத்ததும் மாமனார் தருமலிங்கம் எதிரே வந்து நின்றார். அவருக்கும் அதையே தமிழில் சொன்னாள்.

ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். ஆள் வெளியூரில் இருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் ‘இருக்கான்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்துகொண்டிருக்கும்வரை ஊர் அந்தப் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்காது. அந்த வாரம் கோயில் வாசலில் பாடு போட்டபோது, ஊர்ப் பெரியவர் மாசிலாமணி ‘ஹரிஹரன்’ என்றதும் தருமலிங்கம் எழுந்து நின்று, “இருக்கான்!” என்று கத்தினார். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது.

மாசிலாமணி ஓரமாக நின்ற சத்யாவைப் பார்த்தார். “இன்னாம்மா, கம்பெனிக்காரன் இன்னா சொல்றான்?”

“தள்ளி வச்சிருக்காங்கண்ணா.”

மார்லேனி தினமும் சாயங்காலம் போன் செய்தாள். கடல் அடங்கிவிட்டதா, ஈஹா? எப்போது மறுபடி போகிறார்கள்? சத்யா இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஒரு நாள் போனில் பஸ் ஸ்டாண்டுச் சத்தம் கேட்டது. தேடப் போகும் கப்பலில் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சப் போகிறாளாம். எல்லை தாண்டி, கப்பல் கிளம்பிய பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். முட்டி தேய்ந்த கிழவி.

“போகாதீங்கம்மா,” என்றாள் சத்யா. பிறகு அந்தச் சரியான வார்த்தையைச் சொன்னாள். அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். நான்தான் மாற்றிச் சொன்னேன்.

மார்லேனி போட்ட கூச்சல் போனுக்கு வெளியே கேட்டது. “என் பிள்ளைக்கு நான் அழ வேண்டிய நாளெல்லாம் நீ எடுத்துக்கிட்டியே! உனக்கு யார் கொடுத்தா அந்த உரிமையை?” இரண்டு பேரும் அழுதார்கள். போனை மட்டும் இருவரும் வைக்கவில்லை.

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோதுதான் வாசற்படியில் தருமலிங்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஸ்பானிஷில் அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. அழுகை தெரியும்.

“அந்தம்மாக்கு சொன்னத எனக்கும் சொல்லும்மா,” என்றார். “நம்ம பாஷைல சொல்லு.”

“தேடறத நிறுத்திட்டாங்க மாமா. இனிமே தேட மாட்டாங்க.”

“ஐயோ, நைனா!” என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டே கிழவர் தரையில் சாய்ந்தார்.

மறுநாள் அவரே மாசிலாமணி வீட்டுக்குப் போய்ப் பேரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த முறை பாடு போட்டபோது மாசிலாமணி தனசேகரைக் கூப்பிட்டார், குரல் வந்தது. அடுத்தது ஹரிஹரன் பேர் இருந்த இடம். அதைத் தாண்டி சகாதேவனைக் கூப்பிட வாயெடுக்கும்முன் அவருக்கே மூச்சு ஒரு நொடி நின்றது.

அந்த ஒரு நொடியில், பழக்கத்தில் எழுந்து நின்ற தருமலிங்கம், “இருக்கான்,” என்றார்.