மூன்றாம் நம்பரில் முதலாமிடம்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வில்லியம் கணினிக் கடையில் மூன்றாம் நம்பர் கணினியின் முன் அமர்வார். தச்சுப் பென்சில் பற்களுக்கிடையில் இருக்கும். அதைக் கவ்வியிருக்கும்வரை ஒரு சொல்லும் பேசமாட்டார். நாற்பது வருடப் பட்டறைப் பழக்கம். ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் ‘மட்டக்களப்பு வாவி விடுதி’ என்று தட்டுவார். வரும் பட்டியலில் ‘பிறிசில்லா விடுதி’ எத்தனையாவது என்று எண்ணுவார். பிறகு அதை அமத்தி, எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, இலக்கத்தைக் கொப்பியில் குறிப்பார்.

டச்பாரில் கடல் கொண்டுபோன வீட்டின் அத்திவாரத்தில் அவரே கட்டிய மூன்று அறைகள். கடலோடு போன மனைவியின் பெயர். காணியில் பாதி மெல்பேர்னில் இருக்கும் தங்கை தெல்மாவுடையது. சண்டை முடிந்து எட்டு மாதமாகியும் வெள்ளைக்காரர்கள் நேரே பாசிக்குடாவுக்குத்தான் போகிறார்கள். ஈஸ்டருக்குள் ஆட்கள் வராவிட்டால் விற்றுவிடலாம் என்பது தெல்மாவின் முடிவு. ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் தொலைபேசி எடுப்பாள். அவர் கொப்பியை விரித்து வாசிப்பார்.

நாற்பத்தொன்று. பதினெட்டு. ஐந்து. தை பிறந்ததும் ஒன்று. வில்லியம் புதுக் கட்டில் விரிப்புகள் வாங்கினார். பெயர்ப்பலகைக்கு இரண்டு தரம் வார்னிஷ் அடித்தார்.

“முதலாமிடமெண்டா ஏன் அண்ண ஒரு காகமும் வந்து தங்குதில்ல?” என்றாள் தெல்மா.

மறுநாள் கணினிக் கடை சரீபிடம் கேட்டார். சரீப் ஆறாம் நம்பரில் தேடிக் காட்டினார். விடுதி ஏழாம் பக்கத்தில் கிடந்தது.

“நீங்க நாளும் இதத்தானே அமத்துறீங்க, அங்கிள். இப்ப இது ஆளப் பாத்துக் காட்டுது. உங்கட விருப்பம் தெரிஞ்சு, உங்களுக்கு மட்டும் மேல தூக்கி வெச்சிருக்கு.”

“ஆளுக்கொரு அளவு காட்டுற அடிமட்டத்த நான் எங்கயும் கண்டதில்ல, தம்பி.”

அந்த ஞாயிறு உள்ளதைச் சொன்னார்: “ஏழாம் பக்கம், தெல்மா.” காரணத்தைச் சொல்லத் தொடங்குமுன் அவள், “இனி நானே பாக்கிறன்” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளே முந்திக்கொண்டாள். “நாளும் பாத்தன், அண்ண. அறைப் படம், மச்சாள்ட படம் எல்லாத்தையும் திறந்து திறந்து பாத்தன். வியாழக்கிழம நாலாமிடத்துக்கு வந்திச்சு, இண்டைக்கு ஒண்டு. விக்கிற கதைய இனி நான் எடுக்கமாட்டன்.”

வில்லியம் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பற்களுக்கிடையில் இறுக்கக் கவ்விக்கொண்டார்.